வலது ஓரம்

ஸெலெனா, சஸ்காச்சுவான்
14 அக்டோபர் 1956

அன்புத் தம்பி நெஸ்டருக்கு,

இயேசுவுக்கு மகிமை. நானும் அப்பாவும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, வாயில் பல் எத்தனை மிச்சம் என்று எழுது.

நீ கியூபெக் அணியில் போய்ச் சேர்ந்த சங்கதி உன் கடிதத்தில் தெரியவில்லை. பனாஸ் கடையில் கிடந்த வினிபெக் பத்திரிகையில்தான் தெரிந்தது. ஊர் தபால் ஆபீஸை நடத்துகிறவள் நான். பையைப் பிரிப்பதும் நான்தான். 'தபாலில் தொலைந்திருக்கும்' என்கிற கதையை வேறு யாரிடமாவது சொல்.

கோதுமை எல்லாம் கிடங்குக்குப் போயாயிற்று. விளைச்சல் சுமார். அப்பாவின் முழங்கால் குளிர் வருவதற்கு முன்னாலேயே முனக ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டு, இந்த வருஷமாவது ஐஸ் ஹாக்கியில் நெஸ்டரைப் பெரிய லீக்குக்குக் கூப்பிடுவார்களா என்று கேட்டார்கள். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பத்து வருஷமா வாசப்படியிலயே நிக்கறான். உள்ள விடறவங்களா இருந்தா எப்பவோ விட்டிருப்பாங்க." சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் வானொலிக்குப் புது பேட்டரி போட்டார். அதையும் எழுதிவிடுகிறேன்.

முப்பது வயதாகிறது உனக்கு. இந்த வருஷம் கூப்பிடாவிட்டால் இனி கூப்பிடப் போவதில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் ஒழுங்காகச் சாப்பிடு. டெலிபோன் மட்டும் செய்யாதே. ஒரே கம்பியில் ஊரே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அப்பாவின் ஆசிகளுடன்,
அக்கா ஸ்டெஃபா


கியூபெக்
25 நவம்பர் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் இருவரின் நலத்தையும் அப்பாவின் முழங்காலின் நலத்தையும் தனித்தனியாக விசாரித்ததாகச் சொல்லவும்.

தாமதத்துக்குத் திட்டாதே. போன வாரம் ஓர் ஆட்டத்தில் ஒருவனுடைய மட்டை முகத்தில் பட்டுவிட்டது. பத்திரிகையில் ஏதாவது பெரிதாகப் போட்டிருந்தால் நம்பாதே. கண்ணுக்கு வந்தது புருவத்தோடு போயிற்று. நாலு தையல், இரண்டு நாள் கட்டு, அவ்வளவுதான். டாக்டர் பார்த்து ஆடலாம் என்று சொல்லிவிட்டார்.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா மதாம் பெலஞ்சேக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவள் மொழி தெரியாது. அவள் பாட்டுக்குப் பேசுகிறாள், நான் பாட்டுக்குத் தலையாட்டுகிறேன். ஆக ரொம்ப ஒற்றுமையாக இருக்கிறோம். பட்டாணி சூப் வைக்கிறாள். நீ வைக்கும் பீட்ரூட் சூப்பின் பக்கத்தில் அது நிற்க முடியாது என்று உன்னைக் குளிர்விக்க எழுதுகிறேன்.

இந்தப் பருவத்தில் இதுவரை ஒன்பது கோல். எழுத்து கோணலாக இருந்தால் மன்னி, பேருந்தில் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வணக்கம்.
நெஸ்டர்


ஸெலெனா
6 டிசம்பர் 1956

அன்புத் தம்பிக்கு,

இயேசுவுக்கு மகிமை. இங்கே எல்லோரும் நலம், குளிரைத் தவிர. கிணற்றுப் பம்பு உறைந்துவிட்டது. அப்பா அதற்குக் கம்பளிக் கோட்டு போட்டுவிட்டு, அவர் வெறும் சட்டையோடு திரிகிறார்.

நாலு தையல் என்று எழுதியிருந்தாய். பத்திரிகையில் ஆஸ்பத்திரி என்று போட்டிருந்ததே? இரண்டு நாள் கட்டுக்கு ஆஸ்பத்திரி எதற்கு? போகட்டும், உனக்குத் தலையில் அடிபட்டு மூளை கலங்க வாய்ப்பில்லை, அங்கே கலங்குவதற்குச் சரக்கு வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு வர மாட்டாய் என்று தெரியும். உங்கள் லீக் நம் கோயிலின் பழைய நாட்காட்டிப்படி வரும் ஜனவரி கிறிஸ்துமஸை எங்கே மதிக்கப் போகிறது? இருந்தாலும் ஒரு வரி எழுது. அப்பா தினமும் பை வரும் நேரத்துக்கு ஆபீஸ் அடுப்பில் குளிர் காய்கிற சாக்கில் வந்து நிற்கிறார். கேட்பதில்லை. நிற்கிறார், போகிறார்.

அன்புடன்,
ஸ்டெஃபா


கியூபெக்
30 டிசம்பர் 1956

அன்புள்ள அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

கிறிஸ்து பிறந்தார்! நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் நன்றாகச் சாப்பிட்டு, என் பங்கையும் சேர்த்துச் சாப்பிடவும்.

ஒரு நல்ல சங்கதி. பத்து வருஷமாக இடது ஓரத்தில் ஆடியவனை இப்போது வலது ஓரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதிலிருந்து கோலாகப் போட்டுத் தள்ளுகிறேன். பந்தயக் கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்துகிறது, பிரெஞ்சுக்காரன் வாயில் ஹலுஷ்கோ என்ற பெயர் என்ன பாடு படுகிறது என்று நீ கேட்க வேண்டும். நடுவில் ஆடும் ரெமி என்ற பையன் ரப்பர் பக்கை எனக்குத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். எங்கள் மேனேஜர் தோளில் தட்டி, மேலே இருப்பவர்கள் என்னைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றார். மேலே என்றால் பெரிய லீக், கடவுள் இல்லை.

அக்கா, இந்தத் தடவை நடந்துவிடும் போல இருக்கிறது.

நெஸ்டர்


ஸெலெனா
12 ஜனவரி 1957

நெஸ்டருக்கு,

கிறிஸ்து பிறந்தார், அவரைப் போற்றுவோம். உடம்பு நலம். மனசு சரியில்லை.

பண்டிகைச் சாப்பாட்டுக்கு வழக்கம்போலக் காலித் தட்டு ஒன்று வைத்தேன். உன்னை நினைத்துத்தான் வைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, "அது உங்கம்மாவுக்கு. செத்தவங்களுக்கு வைக்கற தட்டு. உயிரோட இருக்கறவனுக்குத் தனியா ஒண்ணு வை" என்றார். வைத்தேன். அதன் பிறகு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வலது ஓரத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்ற இடம் வந்ததும் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மாத்தினாங்களா, இவனே மாத்தச் சொல்லிக் கேட்டானா?"

அவர்கள்தான் மாற்றியிருக்கிறார்கள் என்றேன். அப்பா தலையை ஆட்டவில்லை. நம் வீட்டுக் கஸ்யா குதிரையை ஞாபகம் இருக்கிறதா? எப்போதும் இடது பக்கம் பூட்டுவோம். வலது கண் போன பிறகு பக்கத்துக் குதிரை தெரியாமல் மிரண்டு மிரண்டு நின்றது. அப்பா அதை வலது பக்கம் மாற்றிப் பூட்டினார். கூட ஓடுகிற குதிரை நல்ல கண் பக்கம் வந்துவிட்டது. அப்புறம் எவ்வளவோ வருஷம் உழுதது. அப்பா அதைத்தான் சொன்னார். "அவனுக்கு வலது கண்ணு தெரியல, ஸ்டெஃபா." சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார்.

நான் சிரித்தேன். பண்டிகையும் அதுவுமாக இது என்ன பேச்சு என்று திட்டினேன். மறுநாள் காலையில் வலது கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு பம்புக்குப் போய்ப் பார்த்தேன். இடித்துக்கொண்ட வலது தோள் இன்னும் வலிக்கிறது.

இடது ஓரத்தில் ஆடுகிறவனுக்கு ஆட்டம் முழுக்க வலது பக்கம். வலது ஓரத்தில் ஆடுகிறவனுக்கு வலது பக்கம் வெறும் பலகைச் சுவர்தான். நான் உனக்குக் கோல் காத்தவளடா. குட்டை உறைந்தால் போதும், அப்பாவின் பூட்ஸை மாட்டிக்கொண்டு உன் அடிகளை எல்லாம் வாங்கியவள். என்னிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே.

அப்பா சொன்னது உண்மையா?

ஸ்டெஃபா


ஸெலெனா
1 பிப்ரவரி 1957

நெஸ்டர்,

பை வந்தது, உன் கடிதம் இல்லை. பொய் என்றால் 'பொய்' என்று ஒரு அட்டையில் எழுதிப்போட உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நீ எழுதாமல் இருப்பதே பதில் என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்பா அடுப்பில் குளிர் காய வருவதை நிறுத்திவிட்டார்.

ஸ்டெஃபா


கியூபெக்
5 பிப்ரவரி 1957

அன்புள்ள அக்கா,

உன் உடம்பையும் அப்பா உடம்பையும் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். உண்மை.

வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. பனி பிடித்த ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல. முதல் வாரம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. டாக்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படி, பிறகு மற்றதை மூடிக்கொண்டு படி என்றார். நான் கையை மாற்றினேன், கண்ணை மாற்றவில்லை. அந்த ஆள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. வெளியே வந்து சிரித்தேன். பிறகு பேருந்தில் சிரிக்க முடியவில்லை.

வலது ஓரத்துக்கு நான்தான் கேட்டேன். புதிதாக ஒன்று முயன்று பார்க்கிறேன் என்று கோச்சிடம் சொன்னேன். ஒரு கண் இல்லாதவன் ஆடக் கூடாது என்பது பெரிய லீக்கின் விதி. யாருக்காவது தெரிந்தால் அன்றைக்கே மட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். இங்கே ஒருவருக்கும் தெரியாது. மதாம் பெலஞ்சேக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒருநாள் வலது பக்கம் வைத்த காபியைத் தட்டிவிட்டேன். அதிலிருந்து அவள் கோப்பையை இடது பக்கம் வைக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குப் புரியாது.

நீ திட்டப் போகிறாய். இன்னொரு கண்ணிலும் பட்டால் என்னடா செய்வாய் என்பாய். பட்டால் குருடன்தான். தெரியும் அக்கா, பக் பறந்து வரும்போதெல்லாம் தெரிகிறது. ஆனால் பத்து வருஷம் பேருந்திலேயே தூங்கியிருக்கிறேன். கல்யாணம் இல்லை, நிலம் இல்லை, வேறு தொழில் தெரியாது. ஒரே ஒரு ஆட்டம். பெரிய லீக் ஜெர்சியில் ஒரே ஒரு ஆட்டம், அப்பா வானொலியில் கேட்கட்டும். மறுநாளே நானாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டாதே. அவர் ஊகித்தது ஊகமாகவே இருக்கட்டும். உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

நெஸ்டர்


ஸெலெனா
18 பிப்ரவரி 1957

நெஸ்டருக்கு,

நலம். நீ கேட்டபடி கடிதத்தை அப்பாவிடம் படிக்கவில்லை. அடுப்பில் போட்டேன். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிறவனைத் தம்பியாகப் பெற்றதற்கு இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் ரொட்டி சுட்டேன்.

புதன்கிழமை பெரிய லீக் அணியிலிருந்து டன்பார் என்று ஓர் ஆள் வந்தார். இந்தப் பக்கத்துப் பையன்களைப் பார்த்து வைக்கிறவராம். நவம்பரில் உனக்கு அடிபட்டதைப் பற்றி வீட்டில் விசாரிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து சொன்னார்களாம். அப்பாவிடம் பேசினார். அப்பாவுக்குத்தான் இங்கிலீஷ் வராதே, நான் மொழிபெயர்த்தேன். காபி குடித்தார், இரண்டு துண்டு தேன் கேக் சாப்பிட்டார், போய்விட்டார். வேறு விசேஷம் இல்லை.

அப்பா உன் பழைய அறையில் அடுப்பு மூட்டச் சொல்லியிருக்கிறார். மெத்தையைக் காய வைத்திருக்கிறேன்.

கவனமாக இரு. தயவு செய்து கவனமாக இரு.

ஸ்டெஃபா


கியூபெக்
27 பிப்ரவரி 1957

அக்கா, அக்கா, அக்கா,

நலம் விசாரிக்கக் கை நிற்கவில்லை. கூப்பிட்டுவிட்டார்கள்! ஏழாம் தேதி டொராண்டோ போகிறேன். ஒன்பதாம் தேதி சனிக்கிழமை ஆட்டம். வானொலியில் நாடு முழுக்க வரும். பனாஸையும் கூப்பிட்டு உட்கார வை.

மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? உன் கண்ணைப் பற்றி ஒரு சந்தேகம் இருந்தது, உன் அப்பாவே கண் நன்றாக இருக்கிறது என்று சொன்னதாக டன்பார் எழுதியிருக்கிறார், பெற்ற அப்பனே சொன்ன பிறகு என்ன என்றார். உலகத்தில் எத்தனையோ பேர் எனக்காகப் பொய் சொல்லலாம். அப்பா? விற்கிற குதிரைக்கு இருமல் இருந்தால் அதைத் தானே முதலில் சொல்லிவிடுகிற அப்பாவா? எனக்காக அவர் பொய் சொன்னார் என்றால், அக்கா, நான் கோல் போடாமல் திரும்பக் கூடாது. ராணி ஓட்டல், டொராண்டோ என்று எழுதினால் கடிதம் கிடைக்கும். அப்பா அன்றைக்கு என்ன சொன்னார் என்று வார்த்தைக்கு வார்த்தை எழுது. ஆட்டத்துக்கு முன்னால் படிக்க வேண்டும்.

நெஸ்டர்


ஸெலெனா
4 மார்ச் 1957

நெஸ்டருக்கு,

இதை விமானத் தபாலில் அனுப்புகிறேன். இயேசுவுக்கு மகிமை, அவர் என்னை மன்னிக்கட்டும்.

வார்த்தைக்கு வார்த்தை கேட்டாய். எழுதுகிறேன். டன்பார் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மகனுடைய கண்ணைப் பற்றி அப்பா என்ன நினைக்கிறார் என்று கேட்டார். நான் அதை நம் மொழியில் சொன்னேன். அப்பா எழுந்து நின்றுகொண்டார். கோயிலில் நிற்பது போல நின்றார்.

"என் மகனுக்கு வலது கண்ணு போயிடுச்சுன்னு சொல்லு. இன்னொண்ணு மிச்சம் இருக்கறப்பவே அவனை வீட்டுக்கு அனுப்பிடச் சொல்லு."

டன்பார் என் முகத்தைப் பார்த்தார். உன் கடிதத்தை எரித்த அடுப்பு அங்கேயே இருந்தது. ஒரே ஒரு ஆட்டம் என்று நீ எழுதியது என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை. நான் வாயைத் திறந்தேன், இங்கிலீஷ் வந்தது.

"கண்ணு நல்லா இருக்குன்னு அப்பா சொல்றாரு. அவனை நல்லபடியா ஆட வைங்கன்னு சொல்றாரு."

டன்பார் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். அப்பா என்னிடம், "சொன்னியா?" என்றார். "சொன்னேன்" என்றேன். "நான் சொன்ன மாதிரியே?" "ஆமாம்ப்பா." அவர் டன்பாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த ஆள் போன பிறகுதான் உன் அறைக்கு அடுப்பு மூட்டச் சொன்னார். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். அன்று எனக்கு உள்ளே ஒன்றும் இறங்கவில்லை.

ஆக அப்பா பொய் சொல்லவில்லை. அவர் வாயில் பொய்யை வைத்தவள் நான். நீ வரப்போகிறாய் என்று அவர் காத்திருக்கிறார். நீ ஆடப் போகிறாய் என்று பனாஸ் வந்து சொன்னபோது என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அந்த மேனேஜரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று டெலிபோனை எடுத்தேன். கம்பியில் யாரோ இருமினார்கள். வைத்துவிட்டேன். ஊருக்குப் பயந்து வைக்கவில்லை. சொல்ல வேண்டியது நீ, நான் இல்லை என்று வைத்தேன்.

ஆடாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆடு என்று சொல்ல மனசு இல்லை. நீ சின்னப் பையனாக இருந்தபோது உன் பக் என் மேல் பட்டு நான் விழுந்தால், ஓடி வந்து என் கண்ணைத்தான் முதலில் பார்ப்பாய். இப்போது உன் கண்ணைப் பார்க்க அங்கே யாரும் இல்லையே என்றுதான் துடிக்கிறேன்.

உன் அக்கா


டொராண்டோ
10 மார்ச் 1957

அன்புள்ள அக்கா,

நான் நலம். நிஜமாகவே நலம். ஒரு கண் நலம் என்று சேர்த்துப் படித்துக்கொள்.

உன் கடிதம் சனிக்கிழமை காலை ஓட்டல் மேசையில் கிடந்தது. படித்தேன், மடித்துக் கோட்டில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பொய் சொல்ல விரும்பவில்லை உன்னிடம். ஆடுவதற்குத்தான் போனேன். உன் மேல் கோபம்கூட வரவில்லை. நீ எனக்காக அதைச் செய்தாய் என்ற சந்தோஷம்தான் இருந்தது. அவ்வளவு கெட்டுப்போயிருந்தேன்.

ஜெர்சி ஆணியில் தொங்கியது, முதுகில் பதினெட்டு. போட்டுக்கொண்டேன். ஸ்கேட்டைக் கட்டினேன். கோச் வந்து யார் யார் எங்கே என்று படித்தார். இடது ஓரக்காரனுக்கு இடுப்பில் அடியாம். "ஹலுஷ்கோ, நீ எப்பவும் இடது ஓரம்தானே? அங்கயே ஆடு" என்றார். நடுவில் ஆடுகிறவன் இருபத்திரண்டு வயதுப் பையன். என் பக்கம் சாய்ந்து, தன் இடது பக்கத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன், நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்றான். அவன் என் வலது பக்கம் உட்கார்ந்திருந்தான். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை அக்கா. குரல்தான் வந்தது. அவன் மேல் பாய்ந்து வருகிறவனும் எனக்குத் தெரிய மாட்டான்.

என் கண்ணை நான் பணயம் வைக்கலாம். அந்தப் பையனுடைய விலா எலும்பை நான் யார் பணயம் வைக்க? எனக்காக நீ உன் நேர்மையைப் பணயம் வைத்தாய், அப்பாவின் வாயையும் வைத்தாயிற்று. இனி எத்தனை பேரை இழுப்பது?

எழுந்து கோச்சிடம் போனேன். "எனக்கு வலது கண்ணு தெரியாது" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"நவம்பர்லேர்ந்து."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். ஜெர்சியைக் கழற்றப் போனபோது கையைப் பிடித்தார். "எத்தனை வருஷமா ஆடற?" பத்து என்றேன். "ஆட்டத்துல விட முடியாது. இப்ப உடம்பு சூடாக்கப் போறாங்கல்ல, அவங்களோட போ. ஒரு சுத்து சுத்திட்டு வா" என்றார்.

போனேன். விளக்கெல்லாம் எரிந்தது. பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள், மீதிப் பேர் நாற்காலி தேடிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பெரிய லீக் ஐஸில், பெரிய லீக் ஜெர்சியில் சுற்றினேன். ஒரு சுற்று என்றார், நான் நிறையச் சுற்றினேன், யாரும் தடுக்கவில்லை. காலிக் கோலில் ஒரு பக்கை அடித்தேன். உள்ளே போயிற்று. அழுதுகொண்டே வந்து ஸ்கேட்டைக் கழற்றினேன்.

அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். கியூபெக் போய் மூட்டையைக் கட்டிக்கொண்டு, மதாமுக்கு நன்றி சொல்லிவிட்டு ஏப்ரலில் வருகிறேன். அப்பாவிடம் நீ சொன்ன பொய்யை நீயே சொல்லிவிடு. நான் சொன்னேனே, ஒன்றும் ஆகவில்லை.

உன் தம்பி
நெஸ்டர்


ஸெலெனா
18 மார்ச் 1957

மகன் நெஸ்டருக்கு அப்பா எழுதுவது.

இயேசுவுக்கு மகிமை. எனக்குச் சுகம்தான். நான் எழுதி நீ பார்த்திருக்க மாட்டாய், எப்போதும் ஸ்டெஃபாதான் எழுதுவாள். இது அவள் கைக்குப் போகக் கூடாது. அதனால் பனாஸ் அடுத்த ஊர் ரயிலடியில் போடுவான்.

டன்பார் வந்த அன்று ஸ்டெஃபா இங்கிலீஷில் என்ன சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு அந்த மொழி வராது என்று அவள் நினைக்கிறாள். பேச வராதுதான். ஆனால் இருபது வருஷம் இங்கிலீஷ்காரர்களுக்குக் குதிரை விற்றவன் நான். அவர்கள் குதிரையின் பல்லைப் பார்ப்பார்கள், அடுத்தபடியாகக் கண்ணைப் பற்றித்தான் கேட்பார்கள். 'கண்ணு நல்லா இருக்கு' என்பது அந்த மொழியில் நான் முதலில் படித்த பேச்சு.

அவள் சொன்னதும் நான் அந்த ஆளின் கையைப் பிடித்து, இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். செய்யவில்லை. சொன்னியா என்று அவளையே கேட்டேன். எனக்குப் புரியவில்லை என்று அவள் நினைக்கட்டும் என்றுதான் கேட்டேன். உன் அறைக்கு அடுப்பு மூட்டச் சொன்னதும் வேஷம்தான். அவள் தனியாகப் பாவம் செய்ததாக நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறாள். பாதி என்னுடையது.

எனக்கும் ஆசை இருந்தது மகனே. வாசற்படியில் நிற்கிறான் என்று ஊரில் கேலி பேசினேன். உள்ளே உன் பெயரை அந்த வானொலிக்காரன் சொல்ல வேண்டும் என்று கிடந்து தவித்தேன். ஒரு கண்தானே போயிற்று என்று நினைத்தேன். மற்றதும் போனால் போகட்டும், பெயர் வரட்டும் என்று ஒரு வாரம் முழுக்க நினைத்தேன். பெற்றவன் நினைக்கக் கூடாத நினைப்பு.

சனிக்கிழமை உன் பெயர் வரவில்லை. பனாஸ் அழுதான். ஸ்டெஃபா சமையலறைக்குள் போய்விட்டாள். நான் தொழுவத்துக்குப் போய் முட்டி போட்டேன். முழங்கால் வலி தெரியவில்லை.

ஸ்டெஃபாவிடம் இதைச் சொல்லாதே. அவள் என்னிடம் வந்து தன் பொய்யைச் சொல்லும்போது நான் என்னுடையதைச் சொல்லிக்கொள்கிறேன்.

நீ கோச்சிடம் சொன்ன இடத்தை மட்டும் ஸ்டெஃபா படித்துக் காட்டினாள். நீ அந்த அறையில் வாயைத் திறந்து உன்னைக் காப்பாற்றிக்கொண்டதாக நினைப்பாய். என்னைக் காப்பாற்றினாய். சீக்கிரம் வா.

உன் அப்பா
ஓனுஃப்ரி